லால்பாக்கில் ஒரு ஜெர்மன் தோட்டக்காரர்

மாசி கடைசியில் பெங்களூர் வந்து இறங்கும் நம்மவர், இந்த ஊதாப் பூ மரத்தின் பெயர் என்ன என்று கேட்பதுண்டு. ஜகரண்டா என்று சொல்லிவிடலாம். அது ஓய்ந்ததும் சித்திரையில் குல்மோகர் சிவக்கிறதே, அது எப்படி என்று கேட்டால் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

குஸ்தாவ் ஹெர்மன் கிரும்பீகல் 1865-ல் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகருக்கு அருகே பிறந்தார். தோட்டத் தொழில் கற்று லண்டன் சென்று, ஹைட் பார்க்கிலும் கியூ தோட்டத்திலும் வேலை பார்த்தார். 1893-ல் பரோடா சமஸ்தானத்துக்கு வந்தார். 1908-ல் மைசூர் சமஸ்தானம் லால்பாக்கை அவர் பொறுப்பில் விட்டது.

ஹைதர் அலி 1760-ல் தொடங்கிய தோட்டம் அது. அங்கே தலைமுறையாக மண்வெட்டி பிடித்தவர்களில் திகளர் சமூகத்தார் பலர். அவர்களின் முன்னோர் தமிழ்ப் பகுதியிலிருந்து வந்தவர்கள் என்பது வழக்கு. துரை போட்ட திட்டம் அவர்கள் கையால்தான் மரமானது என்பதை நாம் மறக்கக் கூடாது.

விதை ஊன்றி நீர் வார்ப்பது நம் பாட்டிமாருக்கும் தெரியும். கிரும்பீகலின் நிபுணத்துவம் காலக் கணக்கில் இருந்தது. ஒரு மரம் பூப்பது வருடத்தில் சில வாரங்களே. அதுவும் கன்று நட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்த பிறகு. வெளிநாட்டு விதைகளைத் தருவித்து, இந்த மண்ணும் குளிரும் அவற்றுக்கு ஒத்துவருகிறதா என்று பார்த்தார். எது எந்த மாதம் பூக்கும் என்று கணக்கிட்டு, ஒன்று உதிரும்போது இன்னொன்று மலரும்படி சாலைகளில் மரம் வைக்கச் செய்தார். ஐப்பசியில் இரவு டியூட்டி முடிந்து நடக்கும் என் சட்டை மேல் மரமல்லி உதிரும். யார் போட்ட கணக்கு என்று பல வருடம் நான் நினைத்ததே இல்லை.

உலகப் போர் வந்தபோது, ஜெர்மானியர் என்ற ஒரே காரணத்துக்காக ஆங்கிலேயர் அவரை எதிரியாக்கிக் காவலில் வைத்தனர். ஊருக்கு நிழல் தந்தவருக்குக் கிடைத்த மரியாதை அது! 1932-ல் ஓய்வு பெற்ற பிறகும் சொந்த நாடு திரும்பவில்லை. கிருஷ்ணராஜசாகர் பிருந்தாவனத்தை வடிவமைத்ததிலும் அவருக்குப் பங்குண்டு.

சாலையை அகலப்படுத்தவும் மெட்ரோவுக்காகவும் எத்தனையோ மரங்கள் போய்விட்டன. வரிசையில் ஒரு வகை மரம் போனால், அந்தத் தெருவுக்கு ஒரு மாதப் பூ இல்லை. பதிலுக்கு வைக்கும் கன்றைப் பார்த்து அந்தக் கணக்கைப் போட இன்று யார் இருக்கிறார்?

1956-ல், 90-வது வயதில், பெங்களூரிலேயே காலமானார். ஓசூர் சாலைக் கல்லறையில் அவர் சமாதி இருக்கிறது. லால்பாக் அருகே ஒரு சாலைக்கு அவர் பெயர்.