பாஸ்கல் ஏறாத மலை

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் கேட்டதும், நாம் எல்லோரும் விடைத்தாளில் எத்தனையோ தடவை எழுதிய பெயர்தான் ஞாபகத்துக்கு வந்தது. பாஸ்கல். நமக்கு அது அழுத்தத்தின் அலகு. அந்தப் பெயருக்குரியவர், இன்னும் சில வருஷத்தில் எனக்கு வரப்போகும் வயதில், 39-இல் மறைந்தவர்.

பிளேஸ் பாஸ்கல் 1623-இல் பிரான்சின் கிளேர்மோன் நகரில் பிறந்தார். மூன்று வயதில் தாயை இழந்தார். வரி அதிகாரியான தந்தையின் கணக்கு வேலைக்கு உதவ, 1642-இல் பல்சக்கரக் கூட்டல் இயந்திரம் ஒன்றைச் செய்யத் தொடங்கினார். அன்றைய பிரெஞ்சு நாணயத்தில் 12 தெனியே ஒரு சோல், 20 சோல் ஒரு லிவ்ர். நம்ம பழைய ரூபாய், அணா, பை மாதிரிதான். அதனால் இயந்திரத்தில் 12-க்கும் 20-க்கும் தனிச் சக்கரங்கள். அலகு மாற்றும் தலைவலி அவருக்கு அப்போதே ஆரம்பம்!

பிறகு காற்றின் எடை. குழாயில் பாதரசத்தைத் தாங்கி நிற்பது வெளிக்காற்றுதான் என்றால், மலைமேல் பாதரசம் இறங்க வேண்டுமே? பாரிஸிலிருந்த பாஸ்கலுக்கு உடம்பு சரியில்லை. அக்காள் கணவர் பெரியேவுக்குக் கடிதம் எழுதினார். 1648 செப்டம்பர் 19 அன்று பெரியே புய் தெ டோம் மலை ஏறினார். கீழே ஒரு குழாயை ஆள் வைத்துப் பார்க்கச் சொன்னார். அது நாள் முழுக்க மாறவில்லை. மேலே பாதரசம் 3 அங்குலத்துக்குச் சற்று அதிகமாக, 3.125 அங்குலம் இறங்கியிருந்தது.

இங்கேதான் நம்ம வேலை வருகிறது. அது பிரெஞ்சு அங்குலம், 27.07 மி.மீ. ஆங்கில அங்குலம் 25.4 மி.மீ. சரியாக மாற்றினால் 84.6 மி.மீ. பாதரசம், அதாவது 11.3 கிலோபாஸ்கல் அல்லது 1.6 பி.எஸ்.ஐ. ஆங்கில அங்குலம் என்று நினைத்தால் 79.4 மி.மீ.தான். அலகு தவறியதில் மலையே 60 மீட்டர் குட்டையாகிவிடும்.

கொல்லிமலைக்குப் போகிறவர்கள் இதே சோதனையைச் செய்யலாம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் காற்றழுத்தம் சுமார் 10 கிலோபாஸ்கல் குறையும். அடிவாரத்தில் 30 பி.எஸ்.ஐ. வைத்த டயர், சூடு மாறாமல் இருந்தால், மேலே ஏறத்தாழ 31.5 காட்டும். உள்ளே காத்து கூடவில்லை, வெளியே குறைந்திருக்கிறது. காரில் இறங்கும்போது, பிரேக் ஆயில் வழியாக உங்கள் கால் அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டு போவதும் பாஸ்கல் விதிதான்.

பாஸ்கல் 1662-இல் காலமானார். 1971-இல் உலக அளவைகள் மாநாடு அழுத்த அலகுக்கு அவர் பெயரை வைத்தது.

படிக்கிற தம்பி தங்கைகளே, இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 1 பி.எஸ்.ஐ. 6.895 கிலோபாஸ்கல். 1 பார் 14.5 பி.எஸ்.ஐ. சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ என்றால் 14.22 பி.எஸ்.ஐ. கம்ப்ரஸர் தொட்டியில் வெறும் 100 என்று எழுதி வைத்தால் ஒருத்தர் பி.எஸ்.ஐ. என்பார், இன்னொருத்தர் கிலோ என்பார். நடுவில் பதினாலு மடங்கு வித்தியாசம். பரீட்சையில் அலகு விட்டால் மார்க் போகும். பட்டறையில் விட்டால் ஆளே போய்விடும்.