கையில் மருந்தில்லை, கஞ்சி மட்டும்தான்... 1918 காய்ச்சலில் கொல்லிமலையைக் கவனித்துக்கொண்ட ஜெஸ்ஸி பிராண்ட் யார்?

குழந்தைக்குச் சளி பிடிச்சா நாலு நாளில் சரியாகிடும்னு விட்டுவிடுகிறோம். ஆனால் சில குழந்தைகளுக்கு அதே சளி வீசிங்கில் கொண்டுபோய் விடுகிறது. இரண்டுக்கும் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். இந்த விவரமெல்லாம் தெரியாத காலத்தில், ஒரு வைரஸ் காய்ச்சல் கொல்லிமலையையே படுக்க வைத்தது. அப்போது குடிசை குடிசையாகப் போய் நோயாளிகளைக் கவனித்தவர் ஜெஸ்ஸி பிராண்ட்.

யார் இவர்?

1885-ல் இங்கிலாந்தில் பிறந்த ஜெஸ்ஸி, மிஷனரியாக 1907-ல் இந்தியா வந்தார். கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள சேந்தமங்கலத்தில் தங்கி தமிழ் கற்றார். இவர் முழு டாக்டர் கிடையாது. லண்டனில் மிஷனரிகளுக்காக நடத்தப்பட்ட குறுகிய கால மருத்துவப் பயிற்சியை மட்டும் முடித்திருந்தார்.

1913-ல் சேந்தமங்கலத்தில் ஈவ்லினைத் திருமணம் செய்தார். அன்றே இருவரும் கொட்டும் மழையில் கொல்லிமலைக்குக் கிளம்பினார்கள். இப்போ மாதிரி 70 கொண்டை ஊசி வளைவு ரோடெல்லாம் அப்போ கிடையாது. நடந்து போகணும், இல்லைன்னா டோலியில் போகணும். மலேரியாவுக்குப் பயந்து வெளியாட்கள் அந்த மலையில் தங்கவே யோசித்த காலம் அது.

மலையில் என்ன செய்தார்?

வீட்டைத் தானே கட்டினார். மலைவாழ் மக்களுக்குத் தச்சு வேலை சொல்லிக்கொடுத்தார், பழத்தோட்டம் போட்டார். காய்ச்சல், புண், பல்வலி என்று வந்தவர்களுக்கு மருந்து கொடுத்தார். குடிநீர் வழியாகப் பரவும் நரம்புச் சிலந்திப் புழுவை, நோயாளியின் காலிலிருந்து குச்சியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி வெளியே எடுப்பார்.

மக்கள் மருந்துக்கு வந்தார்களே தவிர, மனசளவில் தள்ளியே நின்றார்கள். குறிப்பாக ஊர்ப் பூசாரி இவரைக் கடுமையாக எதிர்த்தார்.

அந்தக் காய்ச்சல் வந்தபோது...

1918-ல் உலகையே உலுக்கிய இன்ஃப்ளூயன்சா, ஜூன் மாதம் பம்பாய் வழியாக இந்தியாவுக்குள் நுழைந்தது. நாடு முழுக்க ஒரு கோடிக்கும் அதிகமானோர் இறந்தார்கள். அந்தக் காய்ச்சல் கொல்லிமலையையும் விடவில்லை.

அப்போது இதற்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டால், தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட ஆள் இருக்காது. ஜெஸ்ஸியும் ஈவ்லினும் பெரிய பாத்திரத்தில் அரிசிக் கஞ்சி காய்ச்சி, குடிசை குடிசையாக எடுத்துப்போய் ஊட்டினார்கள்.

கஞ்சி வைரஸைக் கொல்லாது. ஆனால் காய்ச்சலில் வற்றிப்போன உடம்புக்கு நீரும் தெம்பும் கொடுக்கும். உடம்பு தானே நோயோடு போராடி மீள அவகாசம் கிடைக்கும்.

எதிர்த்த பூசாரியையும் காய்ச்சல் தாக்கியது. அவருக்கும் கஞ்சி போனது. சாகும் தறுவாயில் அவர் தன் குழந்தைகளை ஒப்படைத்தது, அதுவரை தான் எதிர்த்த ஜெஸ்ஸி குடும்பத்திடம்தான். அதன் பிறகே மலை மக்களில் பலர் இவர்களை நெருங்கி வந்தார்கள்.

44 வயதில் முடிந்த வாழ்க்கை

1929 ஜூனில் மலேரியா முற்றி, கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். உடல் கொல்லிமலையிலேயே அடக்கம் செய்யப்பட்டது. மனிதர்களிடம் இன்ஃப்ளூயன்சா வைரஸை விஞ்ஞானிகள் முதன்முதலில் பிரித்தெடுத்தது 1933-ல். அதாவது, எந்தக் கிருமியோடு மோதினோம் என்று தெரியாமலேயே அவர் போய்விட்டார்.

அவர் மகன் பால் பிராண்ட், 1914-ல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்தவர். பின்னாளில் வேலூர் சி.எம்.சி-யில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தி உலகப் புகழ் பெற்றார். ஈவ்லின் ஓய்வு பெற்ற பிறகும் மலைக்கே திரும்பினார். குதிரையில் ஊர் ஊராகச் சுற்றிய அவர், 1974-ல் 95 வயதில் இறந்தார். கணவரின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள்.

இன்னைக்கு நிலைமை என்ன?

நூறு வருஷத்தில் நிறைய மாறிவிட்டது. ஃப்ளூவுக்குத் தடுப்பூசி இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. ஆனால் குழந்தைகளுக்குச் சளி, வீசிங் கொண்டுவரும் ரைனோ வைரஸுக்கு இன்னும் தனி மருந்து கிடையாது. ஆன்டிபயாடிக் எந்த வைரஸிடமும் வேலை செய்யாது.

சின்ன வயதில் ரைனோ வைரஸ், ஆர்.எஸ்.வி போன்ற வைரஸ்களால் வீசிங் வந்த குழந்தைகளுக்கு, பின்னாளில் ஆஸ்துமா வரும் வாய்ப்பு கூடுதல் என்கின்றன ஆய்வுகள். வைரஸ்தான் ஆஸ்துமாவை உருவாக்குதா, இல்லை ஏற்கெனவே அந்தத் தன்மை உள்ள குழந்தையைக் காட்டிக் கொடுக்குதா? ஆராய்ச்சியாளர்கள் இன்னும் விவாதிக்கும் கேள்வி இது.

அதனால் சாதாரண வைரஸ் சளிக்கு இன்னைக்கும் முதல் வைத்தியம், ஜெஸ்ஸி பானையில் எடுத்துப்போன அதே விஷயங்கள்தான்: நீர், உணவு, பக்கத்தில் இருந்து கவனிக்க ஓர் ஆள். ஆனால் குழந்தைக்கு மூச்சு வேகமாக வாங்கினாலோ, விலா உள்ளே இழுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ வீட்டு வைத்தியத்தை நம்பிக் காத்திருக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. 1918-ல் கொல்லிமலைக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை, நமக்கு இருக்கு.