விளக்கேந்திய சீமாட்டியின் கணக்கு

நாம் சிறுமியராயிருந்த நாட்களில் பரிசளிப்பு விழா மேடையில் சில ஆண்டுகளுக்கு ஒரு தடவையாவது புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் தோன்றிவிடுவார். வெள்ளைச் சேலை, தலையிலே கஞ்சி போட்ட துணித்தொப்பி, கையிலே யாரோ ஒருத்தியின் வீட்டிலிருந்து இரவல் வாங்கி வந்த எண்ணெய்க் கைவிளக்கு. பாயில் படுத்திருக்கும் ‘போர்வீரருக்கு’ அவர் கிட்ட வரும்போது சிரிப்பு வந்துவிடும். அந்த விளக்குக்கூடச் சரியானதல்ல என்பதைப் பின்னாளில்தான் அறிந்தோம். அவர் ஏந்தியது துருக்கியர் பாவித்த, மடித்து விரிக்கத்தக்க கூண்டு விளக்கு. எமது வெசாக் கூடுகளுக்குக் கிட்டிய உறவு என்று சொல்லலாம்.

இந்த நூற்றாண்டு மலருக்காக அவருடைய வாழ்வை மறுபடியும் படித்தபோது, விளக்கைவிட அவர் வைத்திருந்த கணக்கே எம்மை நிறுத்தி வைத்தது. ஆகவே அதனையே விரிவாக எழுதுகின்றோம்.

1820ஆம் ஆண்டு மே 12ஆம் திகதி, பெற்றோர் இத்தாலியில் தங்கியிருந்தபோது புளோரன்ஸ் நகரில் பிறந்தவர். ஊரின் பெயரே பிள்ளைக்கும் ஆயிற்று. செல்வக் குடும்பம், இங்கிலாந்தில் இரண்டு பெரிய வீடுகள். பெண்களுக்குப் பாட்டும் தையலும் போதுமென்றிருந்த அக்காலத்தில் தந்தை வில்லியம் நைற்றிங்கேல் தம் இரு மகள்மாருக்கும் இலத்தீன், கிரேக்கம், வரலாறு எல்லாம் தாமே கற்பித்தார். இளையவளுக்கோ கணிதத்திலேதான் ஆசை. தாய்க்கு இது பிடிக்கவில்லை. கலியாணமாகிப் போகிற பெண்ணுக்குக் கணக்கு எதற்கு என்ற கேள்வியை எம்மில் மூத்தவர்களும் கேட்டு வளர்ந்தவர்கள்தானே!

தமது 16ஆவது வயதில் இறைவன் தம்மை ஒரு பணிக்கு அழைத்ததாக அவர் உணர்ந்தார். அது எந்தப் பணி என்பது தெளிவாகச் சில ஆண்டுகள் சென்றன. 1845இல் சோல்ஸ்பரி வைத்தியசாலைக்குப் போய்த் தாதிப் பயிற்சி பெற விரும்புவதாகச் சொன்னபோது வீடே கொந்தளித்தது. அதிலும் ஒரு நியாயம் இருந்தது. அக்கால வைத்தியசாலைத் தாதி என்றால் படிப்பில்லாதவள், குடிப்பவள் என்றே பேச்சு. சார்ள்ஸ் டிக்கன்ஸ் தமது நாவலொன்றில் படைத்த சாரா காம்ப் என்ற குடிகாரத் தாதியை வாசகர் சிரித்து ஏற்றுக்கொண்ட காலம் அது. அம்மையார் அடங்கிப் போனார், ஆனால் விடவில்லை. விடியுமுன் எழுந்து வைத்தியசாலை அறிக்கைகளை இரகசியமாகப் படித்துக் குறிப்பெடுத்தார். தம்மை விரும்பிக் கேட்டவரையும், தாமும் அவரை விரும்பியிருந்தும், மணக்க மறுத்தார். 1851இல் ஒருவாறு ஜேர்மனியின் கைசர்ஸ்வேர்த்துக்குப் போய் மூன்று மாதம் பயின்றார். 1853இல் இலண்டனில் நோயுற்ற சீமாட்டிகளுக்கான சிறிய விடுதியொன்றின் பொறுப்பை ஏற்றார். அப்போது அவருக்கு வயது 33.

மறு ஆண்டு கிரிமியா யுத்தம். காயம்பட்ட பிரித்தானியப் போர்வீரர் துருக்கியில் கவனிப்பாரின்றிச் சாகின்றனர் என்று இலண்டன் பத்திரிகைகள் எழுத, அமைச்சர் சிட்னி ஹேர்பேட் அம்மையாரை அனுப்பினார். உடன் சென்ற தாதியர் 38 பேர். 10 பேர் கத்தோலிக்கக் கன்னியர், 14 பேர் இங்கிலாந்துத் திருச்சபைச் சகோதரிகள், மிகுதி 14 பேர் சம்பளத்துக்கு வேலை பார்த்த வைத்தியசாலைத் தாதியர். 1854 நவம்பர் 4ஆம் திகதி ஸ்கூட்டாரிப் படைமுகாம் வைத்தியசாலையில் வந்திறங்கினர். இராணுவ வைத்தியர்களுக்கு அவர்கள் வந்ததே பிடிக்கவில்லை. வைத்தியர் கேட்கும்வரை ஒருவரும் வாட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று அம்மையார் தம்மவருக்குக் கட்டளையிட்டார். பக்கத்தில் நோயாளர் முனக, பயிற்சி பெற்ற பெண்கள் உட்கார்ந்து துணி தைத்துக்கொண்டிருந்தார்களாம். இதனைக் கல்நெஞ்சம் என்பாரும் உண்டு. எமக்கு அப்படித் தோன்றவில்லை. சில நாளில் காயக்காரர் கப்பல் கப்பலாக வந்து குவிய, வைத்தியர்கள் தாமாகவே கூப்பிட்டனர்.

அதன்பின் நடந்ததை எமது பாடப்புத்தகங்கள் சொல்லியிருக்கின்றன. வாட்டுக் கழுவியது, சலவைக்கு ஏற்பாடு செய்தது, வாயில் வைக்கத்தக்க சாப்பாடு சமைப்பித்தது, வீரர்களின் வீட்டுக்குக் கடிதம் எழுதியது, இரவில் விளக்கோடு சுற்றி வந்தது எல்லாம் மெய்தான். ஆனால் அவர் வந்த பின்னரும் சாவு குறையவில்லை, கூடிற்று. 1855 பெப்ரவரியில் சிகிச்சை பெற்ற 100 பேரில் ஏறத்தாழ 42 பேர் இறந்தனர். பாடப்புத்தகம் இதனைச் சொல்லவேயில்லை.

காரணம் கட்டடத்தின் அடியில் இருந்தது. கழிவுநீர்க் கால்வாய்கள் அடைபட்டுத் தேங்கி, அவற்றின் நச்சுக்காற்று மேலே வாட்டுகளுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. குடிநீரும் அசுத்தம். மார்ச் மாதத்தில் இலண்டனிலிருந்து வந்த சுகாதார ஆணைக்குழுவினர் கால்வாய்களைத் துப்புரவாக்கி, செத்த மிருகங்களை அகற்றி, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, காற்று வர வழி செய்தனர். ஜூன் அளவில் சாவு 100க்கு 2 பேர் என்ற அளவுக்கு இறங்கியது.

அம்மையார் 1856இல் புனைபெயரோடு, வரவேற்பு எதுவும் இல்லாமல் நாடு திரும்பினார். நாடு முழுவதும் அவரைக் கொண்டாடியது. அவரோ, வீரர்கள் மிகவும் பிந்தி, மெலிந்து போய் வந்ததால்தான் இறந்தனர் என்று எண்ணியிருந்தார். பின்பு அரசாங்க விசாரணைக்காகப் புள்ளிவிபர அறிஞர் வில்லியம் பார் என்பவரோடு இருந்து இறப்புக் கணக்குகளைப் பிரித்துப் பார்த்தபோதுதான், போர்முனைக்கு அருகிலிருந்த சிறிய வைத்தியசாலைகளைவிடத் தமது ஸ்கூட்டாரியிலேயே அதிகம் பேர் இறந்திருப்பது தெரிந்தது. அவர் அன்போடு போர்வை போர்த்திய அதே இடம் அவர்களைக் கொன்றிருந்தது. 1857 ஆகஸ்டில் அவர் உடல் நொறுங்கி விழுந்தார். கிரிமியாவில் பிடித்த காய்ச்சலின் தொடர்ச்சி என்பர். இந்த உண்மையே அவரைச் சாய்த்தது என்று எழுதுவோரும் உளர்.

மூடி மறைப்பது எவ்வளவு எளிது! ஊரே தெய்வமாக வைத்திருக்கும்போது யார் கேட்கப் போகிறார்கள்? அம்மையார் 800க்கும் மேற்பட்ட பக்கங்களில் இரகசிய அறிக்கை எழுதி, சொந்தச் செலவில் அச்சிட்டு, செல்வாக்குள்ளவர்களுக்கு அனுப்பி வைத்தார். எண்களை வாசிக்கச் சோம்பும் பெரியவர்களுக்காக, பூவிதழ் போல விரியும் வண்ணப்படங்களாக அவற்றை வரைந்தார். 1858இல் பிரித்தானியப் புள்ளிவிபரச் சங்கம் அவரை முதல் பெண் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

இன்னொரு தடவையும் இப்படியே நடந்தது. அவர் பெயரால் திரட்டிய நிதியிலிருந்து இலண்டன் கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலையில் மருத்துவிச்சிகளைப் பயிற்றும் பிரசவ வாட்டொன்று தொடங்கப்பட்டது. பிரசவக் காய்ச்சலால் தாய்மார் இறக்கவே 1867இல் அது மூடப்பட்டது. அம்மையார் பல இடங்களின் கணக்கைச் சேர்த்து, அக்காலத்தில் வைத்தியசாலையைவிட வீட்டுப் பிரசவமே பாதுகாப்பானது என்று 1871இல் நூலாக வெளியிட்டார்.

இலங்கையும் அவரது கணக்குக்குத் தப்பவில்லை. பிரித்தானிய ஆட்சியிலிருந்த நாடுகளின் பாடசாலைகளுக்கும் வைத்தியசாலைகளுக்கும் கேள்விப் படிவங்கள் அனுப்பி, சுதேசிகளின் நோயையும் மரணத்தையும் ஆராய்ந்து 1863இல் வெளியிட்ட அறிக்கையில் எமது நாட்டுப் பாடசாலைகளும் இடம்பெற்றன. காற்றில்லாத வகுப்பறையில் பிள்ளைகளை அடைத்து வைப்பதை அவர் அதில் கண்டித்தார்.

தாதியத்தை ஒரு தொழிலாக்கியது 1860இல் சென் தோமஸ் வைத்தியசாலையில் அவரது நிதியால் தொடங்கிய பயிற்சிப் பாடசாலை. ஓராண்டுப் பயிற்சி, தங்குமிடம், உடை, ஆண்டுக்கு 10 பவுண் கைச்செலவு. மாதந்தோறும் மேற்றன் ஒவ்வொரு மாணவியைப் பற்றியும் அறிக்கை எழுத வேண்டும். நேரந்தவறாமை, அமைதி, நம்பகம், சுத்தம் ஆகியவற்றுக்குத் தனித்தனி நிரல்கள். பின்பு புண் கட்டுதல், நோயாளியைப் படுக்கையில் திருப்புதல் முதலிய கைவேலைகள். எமது விடுதிக் கால நடத்தை அறிக்கையை நினைத்து இதை வாசித்துச் சிரித்தோம். அங்கு பயின்றோர் சிட்னிவரை சென்று பாடசாலைகள் தொடங்கினர்.

அவரது ‘தாதியம் பற்றிய குறிப்புகள்’ என்ற சிறு நூலோ, வீட்டில் நோயாளியைப் பார்க்கும் பெண்களுக்காகவே எழுதப்பட்டது. யன்னலைத் திறந்து விடு, கதவுக்கு வெளியே நின்று குசுகுசுக்காதே, ஒன்றுமில்லை, சுகம் வந்துவிடும் என்று பொய்த் தைரியம் சொல்லாதே என்பன அதில் உள்ளவை. ஓர்லிக்ஸ் போத்தலும் முந்திரிகைப்பழமுமாய்ப் போய், கட்டிலைச் சுற்றி நின்று கதைக்கும் நாம் எல்லோரும் ஒரு தடவை படிக்க வேண்டிய பகுதி. தாதியர் விளக்கேற்றிச் சொல்லும் சத்தியப் பிரமாணம் மட்டும் அவர் எழுதியதல்ல. அது 1893இல் அமெரிக்காவின் டெட்ரோயிட் நகரில் எழுதப்பட்டது.

ஒரு விஷயத்தில் அவர் பிழைவிட்டார் என்றே நாம் கருதுகிறோம். 1887இல் எதல் பெட்போர்ட் பென்விக் அம்மையார் தாதியர் சங்கமொன்றை நிறுவி, பரீட்சையில் தேறியவரையே தாதியெனப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று போராடினார். நைற்றிங்கேல் கடுமையாக எதிர்த்தார். நல்ல தாதிக்கு வேண்டிய குணத்தைப் பரீட்சையால் அளக்க முடியாது என்பது அவர் வாதம். உண்மைதான். ஆனால் பதிவேடு இல்லாதபோது, தொப்பி போட்டவர் எவரும் தாதியென்று சொல்லி நோயாளியின் படுக்கையருகே போய்விடலாம். அத்தனையையும் எண்ணிப் பார்த்தவர் இதனை எண்ண மறுத்தது எமக்கு இன்றும் புதிராகவே உள்ளது. இலண்டனிலும் மெல்பேர்ணிலும் ரொறன்ரோவிலும் போய் இறங்கி, பதிவு இலக்கம் கைக்கு வரும்வரை முதியோர் இல்லங்களில் வேலை பார்த்துக்கொண்டு பரீட்சைக்குப் படித்த எமது பழைய மாணவிகளைக் கேட்டால், அந்த இலக்கத்தின் அருமையைச் சொல்வார்கள்.

கடைசி ஆண்டுகளில் அம்மையாருக்குக் கண்பார்வை போயிற்று. 1907இல் பிரித்தானியாவின் ‘ஓடர் ஒவ் மெரிற்’ விருதைப் பெற்ற முதற் பெண்ணானார். 1910 ஆகஸ்ட் 13ஆம் திகதி, தமது 90ஆவது வயதில் காலமானார். வெஸ்ற்மின்ஸ்ரர் பேராலயத்தில் அடக்கம் செய்ய அரசு முன்வந்தும், அவரது விருப்பப்படி கிராமத்துத் தேவாலயத்திலேயே அடக்கினர். கல்லறையில் பெயரின் முதலெழுத்துக்கள் இரண்டும் பிறந்த, இறந்த திகதிகளும் மட்டுமே பொறிக்கப்பட்டன.

தாதியர் பதிவுச் சட்டம் 1919இல் நிறைவேறியது. பதிவேட்டின் முதலாம் இலக்கம் பென்விக் அம்மையாருக்குக் கிடைத்தது.