99 வெள்ளியில் ஆரம்பித்த லோக் யூ

கோலாலம்பூருக்குப் போய்வந்த நம்மவர்களில் லோக் யூ சாலையைப் பார்க்காதவர்கள் குறைவு. அந்தப் பெயருக்கு உரியவர் கோடீஸ்வரராச்சே, நமக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அவரும் கப்பலேறி வந்து, இன்னொருவர் கடையில் சம்பளத்துக்கு நின்ற பையன்தான்.

ஊழியர் சேமநிதிப் பணமோ, தோட்டத்தை விற்றபோது கிடைத்த நஷ்டஈடோ கைக்கு வந்ததும், ஒரு கடை வைத்துப் பார்க்கலாமா என்று யோசிக்கிற குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்காகவே இந்தக் கதையைச் சொல்கிறோம்.

லோக் யூ 1845-ல் தென்சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் பிறந்தவர். 1858-ல், 13 வயதில், சிங்கப்பூரில் வந்து இறங்கினார். மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு கடையில் வேலை கிடைத்தது. நம் நகரத்தார் கிட்டங்கி வைத்து வட்டித் தொழில் செய்த அதே தெருதான். நான்கு வருஷம் அங்கே உழைத்து அவர் மிச்சம் பிடித்தது 99 வெள்ளி. கணக்குப் போட்டுப் பாருங்கள், மாதத்துக்கு இரண்டு வெள்ளிதான் தேறும்!

அந்தப் பணத்தில் சொந்தக் கடை திறந்தார். 99 வெள்ளியைவிட அந்த நான்கு வருஷம்தான் பெரிய முதல் என்று நாம் சொல்வோம். எந்தச் சாமான் ஓடும், எது தேங்கும், யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்பதையெல்லாம் அடுத்தவர் கடையில் நின்றே ஒருவர் கற்றுக்கொள்ளலாம். சொந்தக் காசைப் போட்டுவிட்டுக் கற்றுக்கொண்டால் செலவு அதிகம்.

கடை ஓட ஆரம்பித்ததும், அதை ஆள் வைத்து நடத்தச் செய்துவிட்டு, ஈயம் தேடிப் பேராவிலுள்ள லாருட்டுக்குப் போனார். அங்கே காலம் சரியில்லை. சீனக் கூட்டத்தார் இரு பிரிவாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். சுரங்க வேலை பாழானது. லோக் யூவும் பெரும் பணத்தைத் தொலைத்தார்.

அவரைத் தூக்கிவிட்டது எது தெரியுமா? பழைய மளிகை வியாபாரம்தான். 1875-ல் பேராவில் போர் மூண்டது. அங்கே வந்த பிரிட்டிஷ் படைக்கு உணவுப் பொருள் கொடுக்கும் குத்தகை அவருக்குக் கிடைத்தது. கைகண்ட தொழில் கைவிடவில்லை. பிறகு ஈயத்தின் விலையும் ஏறியது. அவரும் ஏறினார்.

சிலாங்கூருக்கு வந்தபின் நம்மவரான தம்புசாமிப் பிள்ளையோடு கூட்டுச் சேர்ந்தார். பத்துமலைக் கோயிலுக்கு வழிகாட்டிய அதே பிள்ளைதான். 1894-ல் ரவாங்கில் இருவரும் தங்கள் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். மலாயாவில் மின்சாரம் உற்பத்தியானது அங்கேதான் முதலில் என்பார்கள். பிற்காலத்தில் ரப்பர்த் தோட்டங்களும் அவர் கைக்கு வந்தன. விக்டோரியா பள்ளிக்கூடம் எழும்ப உதவியவர்களில் இவரும் ஒருவர். 1917-ல் காலமானார்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அபின், சாராயம், சூதாட்டம் ஆகியவற்றின் வரியை வசூலிக்கும் உரிமையை அந்நாளில் அரசாங்கம் குத்தகைக்கு விட்டது. லோக் யூவின் செல்வத்தில் ஒரு பங்கு அந்தக் குத்தகையில் வந்தது. கூலி வாங்கிய கையோடு அபின் கடைக்குப் போன சுரங்கத் தொழிலாளி வெறுங்கையோடு செத்தான். சம்பளத்தன்று நம் லயத்துக் காசு கள்ளுக்கடைக்குப் போனதை நாமும் பார்த்தவர்கள்தானே! அந்த வழியை நாம் பின்பற்ற வேண்டாம்.

99 வெள்ளி எல்லாருக்கும் கோடியாகிவிடாது. லாருட்டில் கெட்டுப்போனவர்களுக்குச் சாலை இல்லை, பெயரும் இல்லை. ஆகவே, கடை வைக்க நினைக்கிறவர்கள் முதலில் அந்தத் தொழிலில் கொஞ்ச நாள் சம்பளத்துக்கு நில்லுங்கள். பணம் அத்தனையையும் ஒரேயடியாப் போட்டுடாதீங்க. பிள்ளைகளின் படிப்புக்கும் நோய்நொடிக்கும் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். மாமன் மச்சான் என்று கடன் புத்தகத்தைப் பெருக்கவும் வேண்டாம். முகதாட்சண்யம் பார்த்துக் கடன் கொடுத்தால், கடையும் போகும், உறவும் போகும்.