சுவார்ட்ஸ் ஐயரும் வீடிழந்த மக்களும்

நமது காஞ்சிமாநகருக்கு அணித்தேயுள்ள புள்ளலூர் என்னும் சிற்றூரிலே, 1780-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 10-ஆம் தேதி, மைசூர் ஹைதர் அலியின் சேனை கர்னல் பெய்லியின் படையை முற்றிலும் முறியடித்தது. காஞ்சியில் தங்கியிருந்த தளபதி மன்றோ தம் பெரிய பீரங்கிகளைக் குளத்தில் அமிழ்த்திவிட்டுச் சென்னையை நோக்கிப் பின்வாங்கினார். இவையெல்லாம் சரித்திர நூல்களிற் காணப்படுவனவே. ஆயின், அப்போரினால் குடிசை எரிந்து, கால்நடை இழந்து, ஒதுங்க ஒரு நிழலும் உண்ண ஒரு பிடி அரிசியுமின்றி அலைந்த ஏழைக் குடிகளைப்பற்றி அந்நூல்கள் விரித்துரைப்பதில்லை. அத்தகையோருக்குத் துணைநின்ற ஒரு பெரியாரின் வரலாற்றையே நாம் ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுந்தோம்.

கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் என்பார் 1726-ஆம் ஆண்டில் பிரஷியா தேசத்துச் சொன்னன்பர்க் நகரிலே பிறந்தார். இளமையிலேயே அன்னையை இழந்த அவர், ஹாலே நகரிற் கல்வி பயின்றபொழுது, தமிழ் வேதாகமத்தை அச்சிடும் முயற்சியை முன்னிட்டு நம் மொழியைக் கற்கத் தொடங்கினார். 1750-இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். பின்னர்த் திருச்சிராப்பள்ளியிற் பல்லாண்டு ஊழியஞ் செய்து, 1778-இல் தஞ்சாவூரைத் தம் உறைவிடமாக்கிக் கொண்டார். தமிழேயன்றிப் பாரசீகம், இந்துஸ்தானி, மராத்தி, போர்ச்சுகீசு முதலிய மொழிகளும் அவருக்குக் கைவந்திருந்தன. திருச்சியில் அவர் வாழ்ந்த அறை, அவரும் அவர் கட்டிலும் அடங்குமளவே உடையது. உணவு சோறுங் கறியுமே. உடையோ கறுப்புச் சாயந் தோய்த்த எளிய பருத்தித்துணி. ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 48 பவுன் வருவாயில் அவர் காலங்கழித்தார்.

1779-இல் சென்னை அரசாங்கத்தார் அவரை ஹைதர் அலியிடம் சமாதானத் தூதராக அனுப்பினர். தூது கைகூடவில்லை, எனினும் அவருடைய நேர்மை ஹைதரின் உள்ளத்திற் பதிந்தது. வழிச்செலவுக்கென ஹைதர் அளித்த 300 ரூபாயை அவர் தமதாகக் கொள்ளாது அரசாங்கத்தாரிடம் ஒப்புவித்தார். அவர்கள் அதனை அவரே வைத்துக்கொள்ளுமாறு வற்புறுத்தவே, தஞ்சையில் அநாதைப் பிள்ளைகளுக்கான பாடசாலைக்கு அதனை முதனிதியாக்கினார். பின்னர்ப் போர் மூண்ட காலத்தும், இப்பாதிரியாரை எவ்விடத்தும் தடைசெய்யாது போகவிடுமாறு ஹைதர் தம் சேனாவீரருக்குக் கட்டளையிட்டிருந்தார்.

போர் வரக்கூடுமென முன்னறிந்த ஐயர், விலை மலிந்திருந்தபோதே நெல்லை வாங்கிச் சேமித்து வைத்தார். அவர் அஞ்சியவாறே ஆயிற்று. நாட்டுப்புறத்து மக்கள் திரள் திரளாகத் தஞ்சைக் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தனர். பஞ்சம் பரவிற்று, வீதிகளிற் பிணங்கள் கிடந்தன, உயிரோடிருந்தோரும் நடமாடும் எலும்புக்கூடுகள் போலாயினர். ஐயர் தாம் சேமித்த நெல்லைக்கொண்டும், இரக்கமுள்ளோர் ஈந்த பொருளைக்கொண்டும், தம் உதவியாளரையும் மிகப்பல ஏழைகளையும் காத்து வந்தார்.

ஒரு சமயம் கோட்டையிலுள்ளாரனைவரும் பட்டினியால் மடியும் நிலை நேர்ந்தது. நாட்டிலோ நெல் இருந்தது. அதனைக் கொணர மாடுகள் இல்லை. மாடுடையோர் வர மறுத்தனர். ஏனெனில், முன்னர் அரசரின் ஊழியர் கூலி கொடாது அவர்களை ஏமாற்றியிருந்தனர். அரசர் கட்டளையிட்டும், அதிகாரிகள் வாக்களித்தும் ஒருவரும் அசையவில்லை. தம்மனைவர் மீதும் மக்களுக்கிருந்த நம்பிக்கை ஒழிந்ததென உணர்ந்த அரசர், பாதிரியாரின் சொல்லையேனும் நம்புவார்களோ பார்ப்போமென அவரை வேண்டினார். ஐயர் கூலியைத் தம் கையாலேயே கொடுப்பதாக எழுதியனுப்பினார். ஓரிரு நாட்களிலேயே ஏறக்குறைய 1,000 மாடுகள் வந்து சேர்ந்தன; 80,000 கலம் நெல் கோட்டையை எய்திற்று. சொன்னவாறே அவர் ஒவ்வொருவருக்குங் கூலியளித்து, சிறு வெகுமதியுந் தந்து ஊருக்கனுப்பினார்.

போர் ஓய்ந்தபின்னும் துன்பம் ஓயவில்லை. அதிகாரிகளின் கொடுமை தாங்காது உழவர் தம் நிலங்களைவிட்டு வெளியேறினர், வயல்கள் தரிசாயின. அரசர் அழைத்தும் அவர்கள் திரும்பினாரல்லர். ஐயர் பிணைநின்று உறுதிமொழி கூறவே, ஒரே நாளில் 7,000 பேர் தத்தம் ஊருக்கு மீண்டனர். வீடிழந்தவருக்கு இரவல் நிழல் அளிப்பது பேருதவியே. அவர் தம் சொந்தக் கூரையின்கீழ் மீண்டும் வாழச் செய்வதோ அதனினும் பெரிய உதவியென்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

துளஜா மன்னர் 1787-இல் இறக்குந் தறுவாயில் தம் சுவீகார புத்திரரான சரபோஜியின் நலத்தை இவரிடமே ஒப்படைத்தார். 1798-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் தேதி ஐயர் தஞ்சையில் உயிர் நீத்தார். தம் பொருளைத் திருச்சபைப் பணிக்கே விட்டுச் சென்றார். ஐயரின் மரணப்படுக்கையருகே தாம் நிற்பதாகப் பிளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலச் சிற்பியைக்கொண்டு சரபோஜி மன்னர் செதுக்குவித்த சலவைக்கற் சிற்பம், தஞ்சைச் சிவகங்கைத் தோட்டத்தையடுத்த ஆலயத்தில் இன்றும் உள்ளது.

காஞ்சி, அன்னசத்திரங்களைப் பண்டுதொட்டே அறிந்த ஊர். வறியவருக்குக் கதவு திறத்தல் நமக்குப் புதிதன்று. ஆலயமோ கல்லூரியோ அவ்வறத்தை மேற்கொள்ளப் புகுங்கால், அரிசிக்கும் பாய்க்கும் கணக்கிடுவதோடு அமையாது, ஏழைகள் நம் சொல்லை நம்புவரோவென்றும் வினவிக்கொள்ளல் வேண்டும். நாள்தோறும் சிறு கூலியையும் தவறாது கொடுத்து, சிறு வாக்கையும் காத்து வருபவருக்கே அந்நம்பிக்கை கிட்டும். பஞ்சகாலத்தில் அதனை விலைக்கு வாங்குதல் இயலாது.