ஹைன்ரிக் வெல்கர்

ஹைன்ரிக் வெல்கர் (செப்டம்பர் 9, 1912 - டிசம்பர் 25, 1981) ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த இயற்பியலாளர் ஆவார். ஹெர்பர்ட் மட்டாரே என்பவருடன் இணைந்து, அமெரிக்க ஆய்வுகளைச் சாராமல், 1948-இல் பிரான்சில் திரிதடையத்தை (டிரான்சிஸ்டரை) உருவாக்கினார். தனிம அட்டவணையின் மூன்றாம், ஐந்தாம் தொகுதித் தனிமங்கள் இணைந்த சேர்மங்கள் சிறந்த குறைகடத்திகளாகச் செயற்படும் என்று நிறுவியது இவருடைய தலையாய பணியாகும். எல்.ஈ.டி. விளக்குகள், குறைகடத்தி லேசர்கள், கைப்பேசியின் வானலைப் பெருக்கிகள் ஆகியவை இச்சேர்மங்களால் ஆனவை. ஐரோப்பாவின் குறைகடத்தித் தொழில் ஏன் பின்தங்கியது என்பதைப் பற்றிப் பேசுவோர் இவருடைய வாழ்க்கையை எடுத்துக்காட்டாகச் சுட்டுவதுண்டு.

இளமையும் கல்வியும்

வெல்கர் பவேரியா மாநிலத்தின் இங்கோல்ஸ்டாட் நகரில் பிறந்தார். 1931 முதல் மியூனிக் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் பயின்றார். ஆர்னால்டு சோமர்ஃபெல்டின் வழிகாட்டலில் 1936-இல் முனைவர் பட்டம் பெற்று, பின்னர் அவருக்கே உதவியாளராகப் பணியாற்றினார். ஹைசன்பர்க், பவுலி, பேத்தே ஆகியோரை உருவாக்கிய பள்ளி அது. தொடக்கத்தில் வெல்கரின் நாட்டம் முழுவதும் கோட்பாட்டிலேயே இருந்தது. மீகடத்துமை பற்றிய கட்டுரைகளையும் எழுதினார். கருவிகளின் பக்கம் அவரைத் திருப்பியது போர்.

போர்க்கால ஆய்வுகள்

இரண்டாம் உலகப் போரில் ரேடார் கருவிகளின் அலைநீளம் சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்தபோது, வெற்றிடக் குழாய்களால் அந்த அலைகளைச் சரிவர உணர இயலவில்லை. கூரிய உலோக முனை தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு சிறு படிகத்தால் அது முடிந்தது. 1942 முதல் மியூனிக் பல்கலைக்கழகத்தில் கிளாஸ் குளூசியஸின் இயற்பிய வேதியியல் நிறுவனத்தில் பணியாற்றிய வெல்கர், இத்தகைய உணரிகளுக்கு ஜெர்மானியம் என்னும் தனிமம் ஏற்றது எனக் கண்டு, அதை மிகத் தூய நிலையில் பெறும் வழிகளை ஆராய்ந்தார்.

1945-இல், போர் முடியும் தறுவாயில், குறைகடத்தியின் மேற்பரப்புக்கு அருகில் மின்புலத்தைச் செலுத்தி உள்ளே பாயும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை விண்ணப்பம் அளித்தார். இன்று புல விளைவுத் திரிதடையம் எனப்படுவதன் அடிப்படைக் கருத்து இதுவே. லைப்சிக்கில் பேராசிரியராக இருந்த ஜூலியஸ் லிலியன்ஃபெல்ட் 1920-களிலேயே இதையொத்த கருத்துக்குக் காப்புரிமை கோரியிருந்தார் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். வெல்கர் செய்த சோதனைகள் பலிக்கவில்லை. செலுத்திய மின்புலம் படிகத்தின் உட்புறத்தை எட்டாதபடி மேற்பரப்பில் சிக்கிய எதிர்மின்னிகள் மறைத்துவிடுகின்றன என்னும் விளக்கத்தைப் பின்னர் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் பார்டீன் அளித்தார். அந்தத் தடையைக் கடந்த கருவி 1959-60-இல் அதே ஆய்வகத்தில்தான் செய்யப்பட்டது.

பாரிசும் டிரான்சிஸ்ட்ரானும்

போருக்குப் பின் ஜெர்மனியில் மின்னணுவியல் ஆய்வுகளுக்கு நேச நாடுகள் கடுமையான கட்டுப்பாடு விதித்திருந்தன. வேலையற்றிருந்த அறிவியலாளர்களை வெற்றி பெற்ற நாடுகள் தத்தம் பக்கம் ஈர்த்தன. அவ்வகையில் வெல்கரும் மட்டாரேயும் பாரிசை அடுத்த ஓல்னே-சூ-புவா என்னும் ஊரில் வெஸ்டிங்ஹவுஸின் பிரெஞ்சுக் கிளை நிறுவனத்தில் சேர்ந்தனர். ரயில் தடுப்பான்களும் சைகைக் கருவிகளும் செய்துவந்த அந்நிறுவனத்தில், தொலைத்தொடர்புக்கான ஜெர்மானிய இருமுனையங்களைத் தயாரிப்பதே இவர்களுக்கு இடப்பட்ட பணி.

பணிப் பங்கீடு தெளிவாக இருந்தது. படிகங்களை வெல்கர் வளர்த்தார். அளவீடுகளை மட்டாரே செய்தார். போர்க்காலத்தில் டெலிபங்கன் நிறுவனத்திற்காக ஒரே படிகத்தில் இரண்டு முனைகள் பதிந்த கருவிகளை ஆராய்ந்தபோது, ஒரு முனையின் மின்னோட்டம் மற்றதைப் பாதிப்பது போன்ற விந்தையான நடத்தையை மட்டாரே கண்டிருந்தார். அப்போது கிடைத்த படிகங்கள் தூய்மை குறைந்தவையாதலால் அதைத் தொடர்ந்து ஆராய முடியவில்லை. வெல்கரின் தூய படிகங்கள் கைக்கு வந்த பின், 1948-இன் முற்பகுதியில் இரு முனைகளையும் மிக அருகருகே வைத்து மீண்டும் முயன்றார். ஒரு முனையில் இட்ட சிறு குறிகை மறுமுனையில் பெருகி வெளிவந்தது.

பெல் ஆய்வகத்தில் பார்டீனும் வால்ட்டர் பிராட்டைனும் 1947 டிசம்பரிலேயே இதைச் செய்துவிட்டனர். ஆயினும் அதை அவர்கள் 1948 ஜூன் 30 அன்றுதான் உலகுக்கு அறிவித்தனர். ஆகவே பாரிசில் நடந்தது தனித்த கண்டுபிடிப்பே. வெல்கரும் மட்டாரேயும் 1948 ஆகஸ்ட் 13 அன்று பிரான்சில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர். அக்கருவி 1949-இல் டிரான்சிஸ்ட்ரான் என்னும் பெயரில் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டது. பிரான்சின் தொலைபேசித் தடங்களில் அதைப் பெருக்கியாகவும் பயன்படுத்திப் பார்த்தனர்.

முந்தியது யார் என்பதை விட, அதன் பின் நடந்ததே கவனிக்கத்தக்கது. அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தின் பின்னால் ஒரு மாபெரும் தொலைபேசி நிறுவனமும், விலையைப் பொருட்படுத்தாமல் வாங்கும் இராணுவமும் நின்றன. பிரான்சிலோ அரசின் பணமும் கவனமும் அணு ஆற்றலின் பக்கம் சென்றன. இரு ஜெர்மானியர்களின் சிறு ஆய்வகம் ஆதரவின்றித் தேய்ந்தது. மட்டாரே ஜெர்மனிக்குத் திரும்பி 1952-இல் டுசல்டார்ஃபில் இன்டர்மெட்டால் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். 1953-இல் அங்கு நடந்த வானொலிக் கண்காட்சியில் திரிதடைய வானொலி ஒன்றை அந்நிறுவனம் காட்டியது. சில ஆண்டுகளில் அதுவும் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. இதற்கிடையே 1952-இல் பெல் ஆய்வகம் 25,000 டாலர் முன்பணம் பெற்றுக்கொண்டு தன் நுட்பத்தைக் கற்பித்தபோது, அதைக் கற்றுக்கொள்ள ஐரோப்பிய நிறுவனங்களும் கடல் கடந்து சென்றன.

மூன்று-ஐந்து சேர்மங்கள்

வெல்கர் 1951-இல் எர்லாங்கன் நகரில் சீமன்ஸ்-ஷுக்கர்ட் நிறுவனத்தின் திண்மநிலை இயற்பியல் பிரிவுக்குத் தலைவராகச் சேர்ந்தார். ஜெர்மானியத்தையும் சிலிக்கானையும் உலகமே துரத்திக்கொண்டிருந்த வேளையில் அவர் வேறொரு வினாவை எழுப்பினார்: இயற்கை இவ்விரண்டைத் தவிர வேறு நல்ல குறைகடத்திகளைத் தரவில்லையென்றால், நாமே ஒன்றைச் செய்ய இயலாதா?

அவருடைய தர்க்கம் எளிமையானது. சிலிக்கானும் ஜெர்மானியமும் நான்காம் தொகுதியைச் சேர்ந்தவை. ஒவ்வோர் அணுவிலும் வெளிக்கூட்டில் 4 எதிர்மின்னிகள் உண்டு. அவற்றைக் கொண்டு ஒவ்வோர் அணுவும் அண்டையிலுள்ள நான்கு அணுக்களுடன் பிணைகிறது. வெளிக்கூட்டில் 3 எதிர்மின்னிகள் உள்ள காலியத்தையும் 5 உள்ள ஆர்சனிக்கையும் சரிபாதியாகச் சேர்த்தால் சராசரி மீண்டும் 4 ஆகிறது. படிக அமைப்பும் வைரத்தையும் சிலிக்கானையும் ஒத்தே அமைகிறது. இவ்வகைச் சேர்மங்கள் 1920-களிலேயே வேதியியலாளர்களால் செய்யப்பட்டிருந்தன. சோவியத் ஒன்றியத்தின் லெனின்கிராடில் நினா கொர்யுனோவாவும் 1950 வாக்கில் இந்தியம் ஆன்டிமோனைடு குறைகடத்தி என்று கண்டிருந்தார். ஆனால் ஒரு குடும்பம் முழுவதற்குமான பண்புகளை முன்கூட்டியே கணித்து, படிகங்களைச் செய்து, அளந்து, காப்புரிமையும் பெற்றவர் வெல்கரே. அவருடைய கட்டுரை 1952-இல் வெளியானது.

முடிவுகள் வியப்பூட்டின. எதிர்மின்னிகள் ஒரு பொருளுக்குள் எவ்வளவு எளிதாக நகர்கின்றன என்பதை இயங்குதிறன் என்பர். அறை வெப்பநிலையில் சிலிக்கானில் இது சுமார் 1,400 அலகு; காலியம் ஆர்சினைடில் சுமார் 8,500; இந்தியம் ஆன்டிமோனைடில் 70,000-க்கும் மேல். காந்தப்புலத்தை அளக்கும் ஹால் உணரிகளாக இந்தியம் ஆன்டிமோனைடு விரைவிலேயே விற்பனைக்கு வந்தது. மற்றொரு பண்பின் முழு மதிப்பு சில ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. சிலிக்கானில் எதிர்மின்னி ஆற்றலை இழக்கும்போது அது பெரும்பாலும் வெப்பமாகவே வீணாகிறது. காலியம் ஆர்சினைடிலோ ஒளியாக வெளிப்படுகிறது.

அந்த ஒளியைப் பெரிதும் அறுவடை செய்தவர்கள் அமெரிக்கர்கள். 1962-இல் ஜெனரல் எலக்ட்ரிக், ஐ.பி.எம். உள்ளிட்ட அமெரிக்க ஆய்வகங்கள் சில வார இடைவெளியில் அடுத்தடுத்துக் காலியம் ஆர்சினைடு லேசரை இயக்கின. அதே ஆண்டு நிக் ஹோலோனியாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியைத் தரும் இருமுனையத்தைச் செய்தார். பின்னர் நீல ஒளியைக் காலியம் நைட்ரைடிலிருந்து பெற்றவர்கள் ஜப்பானியர்கள். அதற்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. வெல்கருக்கு அப்பரிசு கிடைக்கவில்லை.

சீமன்ஸில் பிற்காலம்

வெல்கர் 1961-இல் சீமன்ஸ்-ஷுக்கர்ட்டின் ஆய்வகத் தலைவரானார். 1969 முதல் சீமன்ஸின் ஆய்வகங்களுக்குத் தலைமை தாங்கி, 1977-இல் ஓய்வு பெற்றார். ஜெர்மன் இயற்பியல் கழகத்தின் தலைவராகவும் இருந்தார். அவர் பெயரால் சீமன்ஸ் நிறுவிய தங்கப் பதக்கம் 1976 முதல் மூன்று-ஐந்து சேர்ம ஆய்வாளர்களுக்கு வழங்கப்படுகிறது. அதை முதலில் பெற்றவர் ஹோலோனியாக். வெல்கர் 1981-இல் கிறிஸ்துமஸ் நாளன்று எர்லாங்கனில் காலமானார்.

ஐரோப்பியக் குறைகடத்தித் தொழில்

ஐரோப்பாவில் அறிவுக்குப் பஞ்சம் இருந்ததில்லை என்பதற்கு வெல்கரின் நிறுவனமே சான்று. சிலிக்கானைத் தூய்மையாக்க உலகெங்கும் இன்றும் பயன்படும் முறைக்குச் சீமன்ஸ் முறை என்றே பெயர். அது எபர்ஹார்ட் ஷ்பெங்கேயின் குழு பிரெட்ஸ்ஃபெல்ட் ஆய்வகத்தில் உருவாக்கியது. இல்லாதது தொடர்ந்து வாங்கும் பெரிய வாடிக்கையாளரே. 1960-களில் ஒருங்கிணைந்த சுற்றுகளை மினிட்மேன் ஏவுகணைக்கும் அப்பல்லோ விண்கலத்துக்கும் வாங்கிக் குவித்த அமெரிக்க அரசைப் போன்ற ஒருவர் ஐரோப்பாவில் இல்லை.

இக்குறையைப் பொதுப்பணத்தால் ஈடுசெய்யும் நோக்குடன் ஐரோப்பிய ஒன்றியத்தின் சில்லுச் சட்டம் 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அரசு, தனியார் முதலீடுகளாக 4,300 கோடி யூரோ திரட்டி, 2030-க்குள் உலக உற்பத்தி மதிப்பில் 20 விழுக்காட்டை எட்டுவது அதன் இலக்கு. அப்பங்கு 11.7 விழுக்காட்டளவில்தான் இருக்கும் என்று ஐரோப்பியத் தணிக்கை மன்றம் 2025 ஏப்ரலில் தெரிவித்தது. மக்டபர்க் நகரில் இன்டெல் கட்டவிருந்த பெரும் ஆலை 2025 ஜூலையில் கைவிடப்பட்டது. டிரெஸ்டனில் தைவானின் டி.எஸ்.எம்.சி. 70 விழுக்காட்டுப் பங்குடன் கட்டும் ஆலைக்கு 2024 ஆகஸ்டில் கால்கோள் இடப்பட்டது. எஞ்சிய 30 விழுக்காடு பாஷ், இன்ஃபினியன், என்.எக்ஸ்.பி. ஆகிய மூன்று ஐரோப்பிய நிறுவனங்களுடையது.

மிகச் சிறிய கணிப்பொறிச் சில்லுகளில் தைவானை எட்டிப்பிடிப்பது எளிதன்று. ஆனால் அவற்றை அச்சிடும் மீப்புற ஊதா எந்திரங்களை உலகிலேயே நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். மட்டுமே செய்கிறது. மின்வண்டிகளுக்கும் மின்னேற்றிகளுக்கும் வேண்டிய திறன் குறைகடத்திகளிலும் ஐரோப்பா வலுவாக உள்ளது. இத்துறையில் முன்னணியில் நிற்கும் இன்ஃபினியன், 1999-இல் சீமன்ஸிலிருந்து பிரிந்த நிறுவனம். காலியம் நைட்ரைடில் வலுப்பெறுவதற்காக அது 2023-இல் கனடாவின் ஜி.ஏ.என். சிஸ்டம்ஸ் நிறுவனத்தை 83 கோடி டாலருக்கு வாங்கியது. எர்லாங்கனில் வெல்கர் தொடங்கி வைத்த அதே மூன்று-ஐந்து குடும்பத்தைச் சேர்ந்தது இச்சேர்மம். 2024 செப்டம்பரில், திறன் மின்னணுவியலுக்கான காலியம் நைட்ரைடை 300 மில்லிமீட்டர் வட்டத்தகட்டில் முதன்முதலாக உருவாக்கியதாக இன்ஃபினியன் அறிவித்தது. அது நடந்த இடம் ஆஸ்திரியாவின் ஃபில்லாக் நகரிலுள்ள ஆலை.