இசைப் பேராசிரியர் நத்தானியேல் டெட்

ஒடுக்கப்பட்ட மக்கள் கல்வியால் உயர்ந்த வரலாறு எந்நாட்டில் நிகழ்ந்ததாயினும் அது நமக்கும் உரிய பாடமாகும். அவ்வகையில், அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசைக்குக் கல்விக்கூடத்தில் பெருமை தேடித்தந்த இராபர்ட் நத்தானியேல் டெட் அவர்களின் வாழ்வை இங்கே நினைவுகூர விரும்புகிறோம்.

கனடா நாட்டில், நயாகரா அருவிக்கு அருகிலுள்ள டிரம்மண்ட்வில் என்னும் ஊரில் 1882 அக்டோபர் 11ஆம் நாள் டெட் பிறந்தார். அடிமைத்தளையினின்று தப்பி வந்தோர் குடியமர்ந்த ஊர் அது. அவருடைய பாட்டியார் அடிமைக்காலப் பக்திப் பாடல்களைப் பாடுவார். சிறுவரான டெட்டுக்கு அவற்றின் அருமை விளங்கவில்லை. பின்னர் ஓபர்லின் இசைக் கல்லூரியில் பயின்றபோது, ஐரோப்பிய இசைமேதை துவோர்ஷாக்கின் படைப்பொன்றைக் கேட்டார். பாட்டியாரின் குரலே அதில் ஒலிப்பதாக உணர்ந்து உள்ளம் நெகிழ்ந்தார். அன்றே அவர் செல்லவேண்டிய திசை தெளிவாயிற்று. 1908இல் அக்கல்லூரியில் இசைப் பட்டம் பெற்றார்.

1913இல் வர்ஜீனியா மாநிலத்து ஹாம்ப்டன் கல்வி நிலையத்தில் இசையாசிரியரானார். விடுதலை பெற்ற அடிமைகளுக்காக 1868இல் தோன்றிய அந்நிலையம், புக்கர் டி. வாஷிங்டன் பயின்ற இடமாகும். அங்குக் கைத்தொழிற் பயிற்சியே முதன்மை பெற்றிருந்தது. அடிமைக்காலப் பாடல்களை வெள்ளையரான விருந்தினர் முன் மாணவர்கள் பாடிக்காட்டுவது வழக்கம். மாணவர் பலர் இதனை இழிவெனக் கருதினர். 1927ஆம் ஆண்டுப் போராட்டத்தின்போது பாட மறுத்தும் நின்றனர்.

டெட் அப்பாடல்களைக் கைவிடவில்லை. அவற்றைத் தொகுத்துப் பதிப்பித்தார். உயரிய குழுவிசையாக அமைத்தார். 1920இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் சென்று ஓராண்டு பயின்று, தம் மக்களின் இசை குறித்த ஆய்வுக் கட்டுரைக்குப் பரிசு பெற்றார். அவருடைய உழைப்பால் 1928இல் ஹாம்ப்டனில் இசைப்பள்ளி நிறுவப்பெற்று, இசையிற் பட்டம் பெறும் வாய்ப்பும் உண்டாயிற்று. 1930இல் அவருடைய மாணவர் குழு ஐரோப்பா சென்று பாடிப் புகழ் ஈட்டியது.

எனினும் மறு ஆண்டே நிருவாகத்தின் வற்புறுத்தலால் அவர் பதவி விலக நேர்ந்தது. அவர் சோர்ந்துவிடவில்லை, மீண்டும் மாணவராகி, 1932இல் ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1937 முதல் பென்னட் கல்லூரியில் பணியாற்றினார். 1943 அக்டோபர் 2ஆம் நாள் மறைந்தார்.

பாடலில் இழிவில்லை, பிறர் ஏவலுக்காகப் பாடவைத்ததே இழிவு என்பதை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது. நம் முன்னோரின் பறையும் பாட்டும் அத்தகையனவே. ஏவலை மறுக்கும் துணிவும், கலையைக் கற்றுப் பட்டம் பெறும் ஊக்கமும் நம் இளைஞர்க்கு ஒருங்கே வேண்டும் என்பது எம் வேண்டுகோள்.